ஷிப்ட் என்றொரு சொல்

சில வருஷங்களுக்கு முன் நான் ஒரு தவறு செய்தேன். அதை இதுவரை யாரும் அச்சில் சுட்டிக் காட்டவில்லை. ஆகவே நானே சொல்லிவிடுவதுதான் மரியாதை.

ஒரு பத்திரிகைக்காரர் அயர்லாந்துக் கதை ஒன்றைக் கொடுத்து மொழிபெயர்த்துத் தரச் சொன்னார். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவனை நம்பி ஆங்கிலக் கதையை ஒப்படைத்தாரே என்ற பெருமையில் நான் அகராதியைக்கூடத் தொடவில்லை. அந்தக் கதையில் ஏழைப் பெண் ஒருத்தி ஆற்றங்கரையில் தன் ‘ஷிப்ட்’டை அலசிக் கல்லின்மேல் உலர்த்துகிறாள். நான் என்ன எழுதினேன் தெரியுமா? அவள் தன் ஷிப்ட்டை முடித்துக்கொண்டு வந்து ஆற்றில் கைகால் கழுவினாள், கல்லின்மேல் உட்கார்ந்தாள் என்று எழுதினேன். கதை அச்சாயிற்று. இரண்டு பேர் பாராட்டிக் கடிதமும் போட்டார்கள்.

வாசகர்கள் சிரிக்கலாம். ஆனால் திருப்பூரில் பிறந்து வளர்ந்தவன் வேறு எப்படி எழுதியிருப்பான் என்று யோசித்துப் பாருங்கள். எனக்குப் பேச்சு வந்த நாள் முதல் ஷிப்ட் என்றால் வேலை. வேலை என்றால் ஷிப்ட். துணியாகவும் அது இருக்கக் கூடும் என்று, துணியே தொழிலான ஊர்க்காரனுக்குத் தோன்றவில்லை.

பிறகுதான் அகராதியைப் பிரித்தேன். பக்கம் முழுவதும் அந்த ஒரே சொல். ஒன்றை இடம் பெயர்த்து வைத்தால் ஷிப்ட். காற்றுத் திசை மாறினால் ஷிப்ட். காரில் கியர் மாற்றுவது ஷிப்ட். ரெமிங்டன் கம்பெனி 1878-இல் கொண்டுவந்த டைப்ரைட்டரில் பெரிய எழுத்துக்கு என்று ஒரு கட்டை வைத்தார்களே, அதுவும் ஷிப்ட். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அந்தக் கட்டைக்கு அதே பெயர்தான். தந்திரம், சமாளிப்பு என்ற அர்த்தமும் உண்டு. ‘மேக்‌ஷிப்ட்’ என்று ஒப்பேற்றும் ஏற்பாட்டைச் சொல்வது அதிலிருந்து வந்ததுதான். நாமும் சளைக்கவில்லை. குடித்தனம் மாறினால் ‘வீடு ஷிப்ட் பண்ணினோம்’ என்கிறோம். நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாலும் ஷிப்ட்தான்.

இத்தனைக்கும் மூலம் என்ன? பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குப் பங்கிடுதல், ஒழுங்கு செய்தல் என்று பொருள். மாற்றுதல் என்ற பொருள் பின்னால் வந்தது. மாற்றி உடுத்துகிற துணி என்பதால் பெண்களின் உள்ளுடுப்புக்கு அது பெயராயிற்று. அதற்குமுன் அந்த உடுப்பை ‘ஸ்மாக்’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது கொச்சையாகப்படவே, நாகரிகத்துக்காக ஷிப்ட் என்றார்கள். காலப் போக்கில் ஷிப்ட்டும் கூச்சம் தரும் சொல்லாகிவிட்டது. பிரெஞ்சுக்காரரிடமிருந்து ‘ஷெமீஸ்’ என்ற சொல்லைக் கடன் வாங்கினார்கள். உடுப்பு ஒன்றுதான். அதை மறைக்கும் சொல்லைத்தான் மாற்றி மாற்றி உடுத்தியிருக்கிறார்கள்.

அந்தக் கூச்சம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு டப்ளின் நகரத்தில் ஓர் உதாரணம் உண்டு. 1907 ஜனவரி 26-ஆம் தேதி அபே தியேட்டரில் ஜே. எம். சிங் எழுதிய ‘தி பிளேபாய் ஆஃப் தி வெஸ்டர்ன் வோர்ல்ட்’ நாடகம் அரங்கேறியது. மூன்றாம் அங்கத்தில் கதாநாயகன் ஷிப்ட் அணிந்த பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்கிறான். சபையில் ஒரே கூச்சல். ஊரில் இல்லாத கவி யேட்ஸுக்கு, அந்தச் சொல்லைக் கேட்டுச் சபை குலைந்தது என்று லேடி கிரிகரி தந்தி கொடுத்தார். பின்வந்த நாட்களில் போலீஸ் காவலோடு நாடகம் நடந்தது. சொல் ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். தகப்பனைக் கொன்றதாகச் சொல்லிக்கொள்கிறவனைக் கிராமமே கொண்டாடுகிறது என்று காட்டியது, அடிமைப்பட்டுக் கிடந்த ஒரு தேசத்தின் மானத்தைத் தொட்டது. ஆனாலும் அந்தக் கோபம் வெடிக்க ஒரு சொல் வேண்டியிருந்தது. அது அயர்லாந்துப் பெண்கள் தினமும் துவைத்துக் காயப் போட்ட துணியின் பெயர்.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன்.

என் முதல் நாவலில் ஒரு பாத்திரம் ஒரு வாரத்தில் ஒன்பது ஷிப்ட் வேலை பார்க்கிறாள். இதைப் பற்றி எனக்கு இரண்டு அபிப்பிராயங்கள் கிடைத்தன. ஒரு விமரிசக நண்பர், ஆங்கிலச் சொற்கள் மலிந்துவிட்டன என்றும் ‘பணிமுறை’ என்று எழுதியிருக்க வேண்டும் என்றும் குறைப்பட்டார். நாஞ்சில் நாட்டு வாசகர் ஒருவர் தபால் கார்டில் ஒரே கேள்வி கேட்டிருந்தார். வாரத்தில் ஞாயிறு போக ஆறு நாள்தானே, ஒன்பது ஷிப்ட் எப்படி வரும், அச்சுப் பிழையா என்று.

அச்சுப் பிழை அல்ல. என் நாவலுக்கு வந்த விமரிசனங்களில் எல்லாம் அந்தக் கார்டே சிறந்தது என்பது என் துணிபு.

கோயம்புத்தூரில் முதல் நூல் மில் 1888-இல் ஏற்பட்டது. அங்கே வளர்ந்த மில்களில் ஷிப்ட் என்ற சொல் உண்மையாக இருந்தது. சங்கு ஊதும், ஒரு கூட்டம் வெளியே வரும், இன்னொரு கூட்டம் உள்ளே போகும். ஆள் மாறுவதால் அது ஷிப்ட். பனியன் கம்பெனியில் ஆள் மாறுவதில்லை. காலை எட்டரைக்கு உள்ளே போகிறவர் மாலையில் வெளியே வந்தால் ஒரு ஷிப்ட். இரவு ஒன்பது மணி சுமாருக்கு வந்தால் ஒன்றரை. கப்பலுக்குச் சரக்குப் போக வேண்டிய அவசரத்தில் நடுநிசி தாண்டினால் இரண்டு, அதற்கும் மேல். மாறுதல் என்று பொருள்பட்ட சொல், மாறாமல் ஒரே ஆள் நின்றுகொண்டிருப்பதற்கு அளவுகோலாகிவிட்டது. படிக்குப் படி, முழத்துக்கு முழம் போல ஷிப்ட்டுக்கு ஷிப்ட்.

என் தாயார் கைமடியாக இருந்தார். தையல்காரருக்கு அருகில் நின்று துணியை எடுத்துக் கொடுத்து, தைத்ததை வாங்கிப் பிசிர் வெட்டி அடுக்கும் வேலை. சனிக்கிழமை இரவு சம்பளக் கவரை என்னிடம் கொடுத்து எண்ணச் சொல்வார். நான் எண்ணி முடிப்பதற்குள், “ஒம்பது ஷிப்ட்டு கண்ணு, செரியா இருக்கா பாரு” என்பார். சரியாகத்தான் இருக்கும். ஒரு ரூபாய்கூடக் குறைந்ததில்லை. முதலாளி நல்லவர் என்று அம்மா சொல்வார். நானும் அப்படியே நம்பினேன்.

பெரியவனான பிறகு ஒரு நாள் கணக்குப் போட்டேன். ஷிப்ட்டுக்கு எட்டு மணி நேரம் என்றால் ஒன்பது ஷிப்ட் எழுபத்திரண்டு மணி நேரம். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எல்லை கட்டியது. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி என்றது. மிச்சம் இருபத்துநாலு மணி நேரம், அதாவது மூன்று ஷிப்ட். அதை இரட்டித்தால் ஆறு. ஆகச் சட்டத்தின் கணக்கில் பன்னிரண்டு ஷிப்ட் கூலி; அம்மாவின் கணக்கில் ஒன்பது. டீ வேளை, சாப்பாட்டு வேளையைக் கழிக்கிறவர்கள் சிறிது குறைத்துக்கொள்ளலாம். கணக்கின் போக்கு மாறாது. யாரும் திருடவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. ‘ஓவர்டைம்’ என்று சொல்லியிருந்தால் யாராவது ‘எவ்வளவு?’ என்று கேட்டிருப்பார்கள். ‘அரை ஷிப்ட்’ என்றதும் அரைக் கூலி என்று தானாகவே ஆகிவிட்டது. வாரம் மூன்று ஷிப்ட் ஒரு சொல்லுக்குள் காணாமற் போயிற்று.

2023 ஏப்ரலில் வேலை நாளைப் பன்னிரண்டு மணி நேரம் வரை நீட்ட வழிசெய்யும் திருத்த மசோதாவைத் தமிழ்நாடு சட்டசபை நிறைவேற்றியது. பெரிய எதிர்ப்பு எழுந்தது. மே தினத்தன்று அது வாபஸ் ஆனதாக முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். நல்லதுதான். ஆனால் அந்த நாட்களில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பத்திரிகை படித்த எனக்குச் சிரிப்பு வந்தது. பன்னிரண்டு மணி நேரம் என்று எழுதினால் நாடு கொதிக்கிறது. ஒன்றரை ஷிப்ட் என்றால் பேசாமல் போய்க் கையெழுத்துப் போடுகிறோம். டப்ளின்காரர்கள் சண்டை போட்ட சொல்லை நாங்கள் சப்தமில்லாமல் உடுத்திக்கொண்டுவிட்டோம்.

இப்போது விமரிசக நண்பருக்குப் பதில் சொல்ல வேண்டும். பணிமுறை என்பதை நான் அலட்சியம் செய்யவில்லை. ‘முறை’ அழகான சொல். ஆங்கிலச் சொல்லின் மூலப் பொருளாகிய பங்கீடும் ஒழுங்கும் அதிலே இருக்கின்றன. இன்னும் அதிகமாகவே இருக்கின்றன: மாமன் முறை, மச்சான் முறை என்று உறவும் முறை, வள்ளுவரிடம் நீதியும் முறை. என் அப்புச்சிக்குப் பங்காளிகளோடு ஒரு பொதுக் கிணறு இருந்தது. “இன்னைக்கு எம்பட முறை” என்று சொல்லிக்கொண்டு விடியுமுன் மண்வெட்டியோடு புறப்படுவார். தம் முறை முடிந்ததும், பாத்தியில் பாதி காய்ந்து கிடந்தாலும் மடையை அடைத்துவிட்டு வருவார். அடுத்தவன் தண்ணீரை எடுப்பது முறை அல்ல. அந்த ஒரு வாக்கியத்திலே தவணையும் நீதியும் சேர்ந்தே வருகின்றன.

அதனால்தான் அம்மாவின் வேலைக்கு அந்தச் சொல்லைப் போட என் கை வரவில்லை. ‘ஒன்றரை முறை’ என்று எழுதினால் அதில் இல்லாத நியாயம் ஏறிவிடும். தமிழ்ப்படுத்துவது சில சமயம் கழுவிக் கொடுப்பது போலாகிவிடுகிறது. ஆர். சண்முகசுந்தரம் 1942-இல் ‘நாகம்மாள்’ நாவலில் கொங்கு நாட்டுக் குடியானவர் பேச்சை அப்படியே கொண்டுவந்தார். அவர் காட்டியது தோட்டங்காட்டின் பாஷை. அந்தத் தோட்டங்காட்டுப் பிள்ளைகள் கம்பெனிக்குப் போன பிறகு, கம்பெனியின் பாஷையும் அதே உரிமையோடு நாவலுக்குள் வர வேண்டியதுதான். அது அன்னியச் சொல்லா என்று பார்க்கிற விமரிசகர், அது அந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். நாஞ்சில் நாட்டு வாசகர் அதைத்தான் பார்த்தார். ஷிப்ட்டை ஷிப்ட் என்றே விட்டதால்தான் ஒன்பது என்ற எண் அவரை இடறிற்று. ஆனால் என்னிடமும் குறை உண்டு: இடறிய வாசகனுக்கு அடுத்த வரியிலேயே மணிக்கணக்கைச் சொல்லியிருக்க வேண்டும். நாவல் இரண்டாம் பதிப்புக்குப் போனால் சொல்வேன்.

மொழிபெயர்ப்புத் தவறு பாக்கி இருக்கிறது. ஆற்றங்கரைப் பெண்ணின் ஷிப்ட்டுக்குத் தமிழ் என்ன? உள்ளங்கி, உள்ளாடை என்று பலவாறு எழுதிப் பார்த்தேன். எல்லாம் பாடப் புத்தக வாடை அடித்தன. ஒரு நாள் அம்மாவிடம் கேட்டேன், கம்பெனியில் அதிகமாக எதற்குப் பிசிர் வெட்டினீர்கள் என்று. யோசிக்காமல் பதில் சொன்னார்: “பொண்ணுப் புள்ளைகளுக்குப் போடற சிம்மீஸ்தான் கண்ணு. ஆயிரக்கணக்குல வெட்டியிருப்பேன்.”

சிம்மீஸ். ஷெமீஸ். ஷிப்ட் என்று சொல்லக் கூசியவர்கள் அதற்குப் பதிலாக வைத்துக்கொண்ட அதே சொல். ஒன்பது ஷிப்ட் முழுதும் அது அம்மாவின் மடியிலேயே கிடந்திருக்கிறது. நான்தான் அகராதியில் தேடிக்கொண்டிருந்தேன்.