ஒருமனதாக

கிராம சபைத் தீர்மானப் புத்தகத்தில் திரும்பத் திரும்ப வரும் சொல் 'ஒருமனதாக'. சாலைக்கும் ஒருமனதாக, சாக்கடைக்கும் ஒருமனதாக, வரவு செலவுக் கணக்குக்கும் ஒருமனதாக. நான்கு பேர் உள்ள வீட்டில் அன்றைய குழம்புக்குக்கூட ஒரு மனம் அமைவதில்லை. முந்நூறு பேர் கூடும் ஊர் மந்தையில் அது எப்படி அமைகிறது? தீர்மானப் புத்தகத்தையும் ஒரு பிரதியாக வாசிக்கத் தொடங்கினால் முதலில் எழும் கேள்வி இதுதான்.

உள்ளாட்சியில் பெண்களின் இடத்தை எண்ணிக்கையால் அளந்தே நமக்குப் பழகிவிட்டது. அரசமைப்பின் 73ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்து மூன்றில் ஒரு பங்கைத் தந்தது. தமிழ்நாடு 2016இல் அதை 50 விழுக்காடாக உயர்த்தியது. ஆண்டுக்கு நான்கு நாள் கூடிய கிராம சபைக்கு இப்போது ஆறு நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இவற்றைக் குறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. ஆனால் கூட்டம் கலைந்த பிறகு எஞ்சுவது புத்தகம். நிதி கேட்கும்போதும், ஆட்சியரிடம் முறையிடும்போதும், நீதிமன்றம் போகும்போதும் சான்றாக நிற்பது அதில் உள்ள வாக்கியம். பெண் பேசினாளா என்பதோடு, அவள் பேசியது எழுதப்பட்டதா என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

ஒரு பெண் எழுந்து இப்படிக் கேட்கிறாள் என்று வைத்துக்கொள்வோம்: "எங்க தெருக் கொழாயில நாலு நாளைக்கு ஒருக்காத்தான் தண்ணி வருது. மேலத்தெருவுக்குத் தெனமும் வருது. அது ஏன்?" புத்தகத்தில் இது என்னவாகும்? 'குடிநீர் விநியோகம் குறித்து விவாதிக்கப்பட்டது. சீரான குடிநீர் வழங்க ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.' தண்ணீர் மட்டும் மிஞ்சியது. கேட்டவள் போனாள், அவள் தெரு போனது, நான்கு நாள் என்ற கணக்கு போனது. எல்லாவற்றுக்கும் மேலாக, 'மேலத்தெரு' என்ற ஒப்பீடு போனது. அந்த ஒப்பீட்டில்தான் சாதி இருந்தது. செயப்பாட்டுவினை இங்கே வெறும் அலுவலக நடை என்று சொல்லிவிட முடியாது. எழுவாயை எடுத்துவிட்டால் கேட்டவளும் இல்லை, பதில் சொல்ல வேண்டியவரும் இல்லை.

புத்தகத்தில் பெண்கள் நிறைந்திருக்கும் பக்கம் ஒன்று உண்டு; அது வருகைப் பதிவு. ஊராட்சியின் மக்கள் தொகைக்கேற்ப 50 முதல் 300 பேர் வரை வந்தால்தான் சபை செல்லும். அந்தக் குறைவெண் வரம்பை எட்ட, பல ஊர்களில் நூறு நாள் வேலைக்கு வரும் பெண்களைத்தான் அழைத்து வந்து உட்காரவைக்கிறார்கள். தமிழ்நாட்டில் அந்த வேலை நாட்களில் 80 விழுக்காட்டுக்கும் மேல் பெண்களுடையவை. கையெழுத்தும் கைநாட்டும் அவர்களுடையவை, தீர்மானத்தின் சொற்கள் வேறு யாருடையவோ. எழுதப்படாத பக்கத்துக்கு முன்கூட்டியே கையெழுத்து வாங்குவதும் நடக்கிறது. உடலை எண்ணிக்கொண்டு குரலை விட்டுவிடும் இந்த ஏற்பாட்டை நாம் குடும்பத்திலும் பார்த்திருக்கிறோம்.

தலைவர் நாற்காலியில் பெண் இருந்தால் இது மாறிவிடுமா? 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியின் தலித் பெண் தலைவர், மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தரையில் உட்காரவைக்கப்பட்ட புகைப்படம் வெளியானது. 'ஊராட்சித் தலைவர் தலைமையில் கூட்டம் நடைபெற்றது' என்பது தீர்மானப் புத்தகங்களின் வழக்கமான முதல் வரி. தரைக்கும் நாற்காலிக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்ல அந்த வரியில் இடமே இல்லை. அதைச் சொல்ல ஒரு புகைப்படம் தேவைப்பட்டது. பணம் எடுக்கும் காசோலையில் தலைவரோடு துணைத்தலைவரும் கையெழுத்திட வேண்டும். தலைவர் பதவிக்கு இடஒதுக்கீடு உண்டு, துணைத்தலைவர் பதவிக்கு இல்லை. அந்த ஒரு கையெழுத்தை இழுத்தடித்தே ஒரு பெண்ணின் ஐந்தாண்டுகளை முடக்கிவிடலாம்.

நம் உள்ளாட்சிப் பெருமை எப்போதும் உத்திரமேரூரில் தொடங்குகிறது. பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, விதிகளைக் கோயில் சுவரில் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தது உண்மை. கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலையில் எழுதக் கூடாது என்றது, அதுவும் உண்மை. ஆனால் நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் வேண்டும் என்ற அதே விதிகள் பெண்ணையும் உழுகுடியையும் வெளியே நிறுத்தின. கண்ணில் படுவது மட்டும் வெளிப்படைத்தன்மை ஆகாது. இன்று ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்படும் வரவு செலவுத் தாளுக்கும் இது பொருந்தும்.

செய்யக்கூடியவை எளியவை. கேள்வி, கேட்டவர் சொன்ன சொற்களிலேயே பதிவாக வேண்டும். எழுதியதை அன்றே, அந்த இடத்திலேயே உரக்கப் படித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்க வேண்டும். அடுத்த சபை, போன சபையின் கேள்விகளுக்கான பதிலோடு தொடங்க வேண்டும். எதிர்ப்பு இருந்தால் எதிர்ப்பு என்றே எழுத வேண்டும். 'ஒருமனதாக' என்ற சொல் உண்மையாக இருக்கும்போது மட்டும் வரட்டும். ஆதிக்க சாதித் தெருவைக் குறித்துக் கேள்வி கேட்டவளின் பெயர் புத்தகத்தில் இருந்தால் மறுநாள் அவளுக்கு வேலை மறுக்கப்படாதா என்று கேட்கலாம். நியாயமான அச்சம். பெயர் வேண்டுமா, தெருவின் பெயர் போதுமா, மகளிர் குழுவின் கேள்வியாக எழுதலாமா என்பதை அவள்தான் முடிவுசெய்ய வேண்டும். இப்போது அவளைக் கேட்காமலேயே அவள் பெயரை அழிப்பது பாதுகாப்புக்காக நடப்பதில்லை.

2019இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சிகள் தனி அலுவலர் கைக்குப் போயின. அவர்களில் பாதிப் பேர் பெண்கள். அந்த ஐந்தாண்டில் அவர்கள் என்ன கேட்டார்கள், எதில் தோற்றார்கள், எதை விடாமல் பிடித்து நின்றார்கள் என்பதற்கு நம்மிடம் உள்ள எழுத்து ஆவணம் இந்தப் புத்தகங்களே. சங்கப் பாடலில் தலைவியின் கூற்று எது, அவள் பெயரால் பிறர் பேசியது எது என்று பிரித்தறிய வகுப்பில் பயில்கிறோம். அதே பயிற்சியோடு மாணவிகள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பித்துத் தங்கள் ஊரின் தீர்மானப் புத்தக நகலை வாங்கி வாசிக்கலாம். வாசித்ததை, அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த பெண்களிடம் படித்துக் காட்டலாம். "நான் கேட்டது இதில் இல்லையே" என்று அவர்களில் ஒருத்தி சொன்னால், அடுத்த கிராம சபையின் முதல் பொருள் அதுவாக இருக்கட்டும்.