எட்டும் இடத்துக்கு இரண்டு ஆண்டு, எட்டாத இடத்துக்கு ஆறு மாதம்

பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து, வார்டில் ஒரு வருடமாவது வேலை பார்த்தவர்கள் மேலும் இரண்டு ஆண்டு பயின்று நர்ஸ் பிராக்டிஷனர் ஆகலாம் என்று இந்திய நர்சிங் கவுன்சில் 2017 வாக்கில் வழி செய்தது. பிரிவு, தீவிர சிகிச்சை. பாடத்திட்டத்தைப் புரட்டினால் குறை சொல்ல மனம் வராது. ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் பாடம். மீதி நான்கு பங்கும் நோயாளியின் கட்டிலருகே. நம் நாட்டில் மேல்படிப்புப் படித்த நர்ஸ் என்றால் பெரும்பாலும் வார்டை விட்டுப் போன நர்ஸ் என்றுதான் பொருள். எம்.எஸ்ஸி. முடித்தவர் நர்சிங் கல்லூரியில் கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றுவிடுவார். பத்து வருடம் கையில் ஏறிய வித்தை அவரோடு அங்கே போய்விடும். படிப்பு கூடினாலும் நோயாளியின் பக்கத்திலேயே இருக்கலாம் என்கிறது இந்தப் பயிற்சி. அந்த அளவில் அருமையான யோசனைதான். எனக்கு வழக்கு, அதைக் கொண்டுபோய் வைத்த இடத்தோடு.

இரவு இரண்டு மணி என்று வைத்துக்கொள்வோம். வென்டிலேட்டரில் இருப்பவரின் ரத்த வாயுப் பரிசோதனை முடிவு வருகிறது. கார்பன் டை ஆக்சைடு ஏறியிருக்கிறது. நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதைக் கூட்ட வேண்டும் என்று நர்சுக்குத் தெரியும். மருத்துவமனை முன்கூட்டியே எழுதிவைத்த நிலையாணை இருந்தால் அவரே கூட்டலாம். இல்லாவிட்டால் டூட்டி டாக்டரை எழுப்புவார்; அவர் சரி என்பார், விடிந்ததும் கேஸ் ஷீட்டில் கையெழுத்து விழும். நோயாளிக்குப் பெரிய கெடுதல் நேராது, டாக்டர் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். இப்போது ஒரு கிராமத்துத் துணை சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். ஐம்பத்தைந்து வயது அம்மாவுக்கு ரத்த அழுத்தம் 160/100. மூன்று மாதமாக அதே 5 மில்லிகிராம் அம்லோடிபின். 2018ல் நலவாழ்வு மையங்கள் தொடங்கியபோது இங்கே அமர்த்த நர்சுகளுக்குக் கொடுத்தது ஆறு மாதச் சான்றிதழ்ப் பயிற்சி; பிற்பாடு அது பி.எஸ்ஸி. பாடத்துக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. டாக்டர் எழுதிய மாத்திரையை இந்த நர்ஸ் திரும்பக் கொடுக்கலாம். அளவைக் கூட்ட வேண்டுமென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். போனால் அந்த அம்மாவுக்கு ஒருநாள் கூலி போச்சு. போகாவிட்டால் அழுத்தம் அப்படியே நிற்கும். டாக்டர் எட்டும் இடத்துக்கு இரண்டு ஆண்டுப் படிப்பு, எட்டாத இடத்துக்கு ஆறு மாதம் என்பது தலைகீழ்க் கணக்கு.

நர்ஸ் பிராக்டிஷனர் தொழில் பிறந்த கதையே வேறு. 1965ல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற பொது சுகாதார நர்சும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து முதல் பயிற்சியைத் தொடங்கினார்கள். டாக்டர் கிடைக்காத ஊர்களில் குழந்தைகளின் வளர்ச்சியைக் கவனிப்பதும் சாதாரணக் காய்ச்சலைப் பார்த்து அனுப்புவதும்தான் நோக்கம். இன்று அமெரிக்காவின் பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் நர்ஸ் பிராக்டிஷனர் டாக்டரின் மேற்பார்வை இல்லாமலே நோயாளியைப் பார்த்து மருந்து எழுதுகிறார். நாம் மட்டும் ஐசியுவைத் தேர்ந்தெடுத்தது ஏன்? சட்டத்தைத் தொடாமல் நடத்த முடிந்த இடம் அது என்பது என் ஊகம். 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின்படி, சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற மருந்துகளுக்குப் பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டு வேண்டும். ஐசியுவில் அவருடைய கையெழுத்து எப்படியும் கிடைத்துவிடும். 2019ல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 32வது பிரிவு, சமூக சுகாதாரப் பணியாளருக்கு வரம்புக்குட்பட்ட உரிமம் தரலாம் என்றது. அந்த மசோதாவை எதிர்த்து ஜூலை 31 அன்று நாடு முழுக்க டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

அவர்கள் கேட்ட கேள்வி லேசானதல்ல. பணக்காரனுக்கு முழு டாக்டர், ஏழைக்கு அரை டாக்டரா? சான்றுகளைப் பார்ப்போம். நியூயார்க்கில் 1,316 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வு 2000ஆம் ஆண்டு வெளியானது. ஒரு சாரார் டாக்டரிடம், மறு சாரார் நர்ஸ் பிராக்டிஷனரிடம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை, ஆஸ்துமா நோயாளிகளிடம் வித்தியாசம் தெரியவில்லை. கவனிக்க வேண்டியது, அந்த நர்சுகளுக்கு மருந்து எழுதும் அதிகாரம் டாக்டருக்குச் சமமாகவே இருந்தது. பணக்கார நாட்டுக் கதை என்று தள்ளினால், 2010 முதல் எச்.ஐ.வி. மருந்தைத் தொடங்கிவைக்கும் பொறுப்பை நர்சுகளிடம் கொடுத்திருக்கும் தென்னாப்பிரிக்கா இருக்கிறது. எதிர்ச் சான்றும் உண்டு, மறைக்கக் கூடாது. அமெரிக்க முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளை ஆராய்ந்த பொருளாதார ஆய்வு ஒன்று, நர்ஸ் பிராக்டிஷனர் பார்த்தவர்கள் அதிக நேரம் தங்க நேர்ந்ததையும் தவிர்த்திருக்கக்கூடிய சேர்க்கைகள் கூடியதையும் காட்டியது. அங்கே பயிற்சியில் நோயாளிகளோடு செலவிட வேண்டிய குறைந்தபட்ச நேரம் வெகுகாலம் 500 மணிதான், 2022ல்தான் 750 ஆக்கினார்கள். இந்த ஆய்வை டாக்டர்கள் தங்கள் பக்கச் சாட்சியாக அழைக்கிறார்கள். எனக்கு அது வேறு மாதிரி படிகிறது. என்ன நோய் என்றே தெரியாமல் வந்து விழுகிற அவசரப் பிரிவில் தடுமாறியவர்கள், என்ன நோய் என்று தெரிந்து மாதாமாதம் வருகிறவரிடம் தடுமாறவில்லை.

தமிழ்நாட்டில் டாக்டருக்குப் பஞ்சமில்லையே என்பார்கள். உண்மைதான், பல மாநிலங்களைவிட நம் நிலைமை மேல். ஆனாலும் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் எதற்கு வந்தது? மாத்திரைக்காக மாதாமாதம் நடக்க முடியாதவர்கள் அத்தனை பேர் என்பதால்தான். மாத்திரை வாசலுக்கு வந்துவிட்டது. அளவை மாற்றும் முடிவு இன்னும் வரவில்லை.

பிழைப்புக்கு வருவோம். 2023 கணக்குப்படி அமெரிக்காவில் பதிவு நர்சின் நடுத்தர ஆண்டுச் சம்பளம் 86,070 டாலர், நர்ஸ் பிராக்டிஷனருக்கு 1,26,260. இந்த இடைவெளியைப் பார்த்துத்தான் பலருக்கு ஆசை பிறக்கிறது. ஆனால் இங்கே படித்த இரண்டு ஆண்டு அங்கே அந்தப் பட்டத்தைத் தராது. மற்ற நர்சுகளைப் போல என்கிளெக்ஸ் என்ற உரிமத் தேர்வை எழுதிப் பதிவு நர்சாகச் சேர்ந்து, அங்கேயே மறுபடி முதுகலையோ முனைவர் படிப்போ படித்தாக வேண்டும். உள்ளூரிலோ அரசு மருத்துவமனைகளில் இதற்கெனத் தனிப் பதவியும் சம்பள விகிதமும் பரவலாக உருவாகவில்லை. 2015ல் தேர்வு எழுதி வந்த நர்சுகளையே 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் அமர்த்தி, 2017ல் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் போராட வைத்த மாநிலம் இது. கூடுதல் படிப்புக்குக் கூடுதல் சம்பளம் தானாக வரும் என்று நம்ப முகாந்திரமில்லை. கொஞ்சம் நேராக இருப்பது, 2018 வழிகாட்டுதலில் வந்த பதினெட்டு மாத மகப்பேற்றுப் பயிற்சிதான். சிக்கலில்லாத பிரசவத்தைத் தன் பொறுப்பில் நடத்துவது என்று வேலையை முதலில் வரையறுத்துவிட்டுப் படிப்பை அதற்குப் பின்னால் வைத்தார்கள்.

நர்சிங் கவுன்சில் சட்டத்தின் இடத்தில் 2023ல் தேசிய நர்சிங், மகப்பேற்று உதவி ஆணையச் சட்டம் வந்துவிட்டது. புதிய ஆணையம் எதையும் மாற்றும்வரை, தீவிர சிகிச்சைப் பயிற்சியில் சேர நினைக்கிறவர் கட்டணம் கட்டுமுன் மருத்துவமனையிடம் இரண்டு காகிதம் கேட்டுப் பார்க்கலாம். ஒன்று, நிலையாணைத் தொகுப்பு. இன்னொன்று, ஏற்கெனவே படித்து முடித்து அங்கே வேலை பார்ப்பவரின் நியமன உத்தரவு. அதில் பதவி என்ற இடத்தில் இன்னும் ‘ஸ்டாஃப் நர்ஸ்’ என்றுதான் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும்.