பாதை முடியும் இடம்

651ல் மெல்ரோஸ் மடத்தில் சேர்ந்த துறவி கத்பர்ட்டின் பெயரால், ஸ்காட்லாந்தின் மெல்ரோஸிலிருந்து இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் தீவு வரை ஒரு நடைவழி 1996ல் திறக்கப்பட்டது. சுமார் 100 கிலோமீட்டர். கடைசியில், கடல் வற்றும்போது மட்டும் கடக்கக்கூடிய மணல். நட்டுவைத்த கம்பங்களே வழிகாட்டி. நடந்துவந்து எழுதுகிறவர்களில் பலர் இங்கே பூர்த்தியடைந்துவிடுகிறார்கள்: முதலில் கால்வலி, பிறகு தரிசனம். கத்பர்ட்டுக்கு இந்தத் தீவும் போதவில்லை. தனிமை தேடி இன்னர் ஃபார்னுக்குப் போனார். 687ல் இறந்ததும் அங்கேதான். பீட் அவர் வாழ்க்கையை முதலில் செய்யுளிலும் பின்னர் உரைநடையிலும் எழுதினார். ஒருமுறை சொல்லித் தீராத விஷயம் என்று கொள்ளலாம். நம் நடையாளர்களுக்கு ஒருமுறையிலேயே எல்லாம் தீர்ந்துவிடுகிறது. பாதை முடிகிற கரைக்கு அப்பால் மிச்சமிருக்கும் கடலை உணராத எழுத்தை, யாத்திரை இலக்கியம் என்று எப்படி ஏற்பது?