ஒரே ஓவியர், ஒரே கூடம்

ஒரே ஓவியருக்காக ஒரு நூதனசாலை என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் வேரூன்றிய வழக்கம். பாரிசில் குஸ்தாவ் மோரோ தம் வீட்டையும் அதிலிருந்த ஓவியங்களையும் அரசுக்கு எழுதிவைத்துவிட்டு 1898இல் இறந்தார். 1903இல் அந்த வீடே நூதனசாலையாயிற்று. லண்டன் கியூ பூங்காவில் மரியான் நோர்த் தம் செலவில் கூடம் கட்டுவித்து, எண்ணூறுக்கு மேற்பட்ட தாவர ஓவியங்களைச் சுவர் தெரியாதபடி தாமே அடுக்கினார். 1882இல் திறந்த அக்கூடத்தில், 1876ஆம் ஆண்டின் கடைசியில் இலங்கைக்கு வந்து அவர் வரைந்தவையும் இருக்கின்றன. இரண்டு இடங்களிலும் எதைக் காட்டுவது என்று தீர்மானித்தவர் ஓவியரே. ஆகவே அங்கே தகவலுக்குக் குறைவில்லை. குறை சொல்லும் குரல்தான் இல்லை.

மட்டக்களப்பு வாவிக்கரையில் அந்நூற்றாண்டின் ஓவியர் எவர் பெயரிலும் இப்படியொரு கூடம் கிடையாது. ஆனால் அந்நூற்றாண்டு ஓவியர் ஒருவரின் கைவரிசை அங்குள்ள சாமியறைகளில் தெரிகிறது. தாமரைமேல் நிற்கும் லட்சுமி, வீணையோடு அமர்ந்த சரஸ்வதி என இன்று கண்ணுக்குப் பழகிப்போன உருவங்கள் பெரிதும் ராஜா ரவிவர்மாவின் (1848–1906) வழி வந்தவை. திருவனந்தபுரம் நூதனசாலை வளாகத்தில் 2023இல் அவர் பெயரில் தனி ஓவியக்கூடம் திறக்கப்பட்டது. இந்த வழக்கத்தை எடைபோட வாவிக்கரை வாசகருக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

தனிக்கூடத்தின் முதற் பலம், ஒரு கையின் வளர்ச்சியைத் தொடர்ச்சியாகப் பார்க்க முடிவது. கிளிமானூரில் பிறந்த ரவிவர்மாவுக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் தஞ்சாவூர் பாணியில் வரைந்த அவருடைய தாய்மாமன். திருவிதாங்கூர் அரசவை ஓவியரான மதுரை ராமசாமி நாயுடு தைலவண்ண நுட்பத்தைச் சொல்லித்தர மறுத்தார். 1868இல் வந்த தியோடோர் ஜென்சன் தாம் வரைவதைப் பார்க்க மட்டும் விட்டார். பார்த்தும் தடவியும் பழகிய கை, முப்பது ஆண்டுகளில் ‘சகுந்தலை’ (1898), ‘அன்னமும் தமயந்தியும்’ (1899) ஆகியவற்றை எட்டியது. ஒன்றிரண்டு படங்களைப் பார்ப்பவருக்குத் தெரிவது பட்டுச் சரிகையின் மினுக்கமும் நகையின் பளபளப்பும். வரிசையாகப் பார்ப்பவருக்கோ அவற்றோடு, ஒரே முக அமைப்பு மீண்டும் மீண்டும் வருவதும், மேடையில் நடிகை திரும்பிப் பார்ப்பது போன்ற அதே பாவனை சகுந்தலைக்கும் தமயந்திக்கும் பொதுவாக இருப்பதும் பிடிபடும். ஓவியரின் எல்லையையும் தனிக்கூடமே நன்றாகக் காட்டிக்கொடுக்கிறது. அதைக் கட்டியவர்களின் நோக்கம் அதுவாக இருந்திராது.

இழப்பும் அதே சுவரிலிருந்துதான் வருகிறது. அதே திருவனந்தபுரம் வளாகத்தில் 1935இல் தொடங்கிய ஸ்ரீசித்ரா ஓவியக்கூடத்தில் ரவிவர்மாவின் படங்கள் தஞ்சாவூர், முகலாய, ராஜபுத்திர ஓவியங்களுக்கு அயலில் இருந்தன. பார்வையாளர் நாலு எட்டு வைத்தாலே, தாய்மாமனின் உலகத்திலிருந்து மருமகன் எவ்வளவு தூரம் விலகிவந்தார் என்று ஒப்பிடலாம். தனிக்கட்டடம் அந்த அயலைப் பறித்துவிடுகிறது.

பெயர்ப்பலகையும் உண்மையைச் சுருக்குகிறது. தம்பி சி. ராஜராஜவர்மா நல்ல நிலக்காட்சி ஓவியர். அண்ணனின் பல படங்களில் பின்னணி அவருடைய வேலை. அவர் எழுதிய நாட்குறிப்பு, இருவரும் ஊர் ஊராகச் சென்று ஒரு பட்டறையாக உழைத்ததைக் காட்டுகிறது. தங்கை மங்களாபாயும் ஓவியர். உடன்பிறந்தோர் படங்களைக் கூடத்தில் தொங்கவிடுவது நல்லதே. ஆனால் வாசலில் ஒரே பெயர் இருக்கும்வரை அவர்கள் துணைப்பாத்திரங்களாகவே நிற்பார்கள்.

அதைவிடப் பெரிய குறை அச்சுப் படங்களைப் பற்றியது. பரோடா மன்னருக்காக வரைந்து 1890இல் முடித்த பதினான்கு புராணப் படங்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டபோது கூட்டம் அலைமோதியது. கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த டி. மாதவராவ், படங்களை அச்சிட்டுப் பரப்பும்படி முன்பே யோசனை சொல்லியிருந்தார். 1894இல் பம்பாயில் கல்லச்சுக்கூடம் எழுந்தது. பின்பு லோனாவ்லாவுக்கு அருகே மளவ்லிக்கு மாறியது. கடன் நெருக்கியதால் ஜெர்மானியத் தொழில்நுட்பர் ஃபிரிட்ஸ் ஷ்லைஷரின் கைக்குப் போனது. 1972இல் தீ அதை அழித்தது. அதற்குள் அந்த உருவங்கள் காலண்டராகவும் விளம்பரமாகவும் பெருகிவிட்டன. கோவில்பட்டியில் ஓவியர் கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் அந்த மரபைத் தமிழ்க் கண்ணுக்கு ஏற்ப வளைத்தார்கள். சிவகாசி அச்சகங்கள் மலிவாக்கின. தைலவண்ண மூலங்களையே மையமாக்கும் கூடம், இந்தக் கதையை ஒரு பிற்சேர்க்கையாகத்தான் சொல்ல முடியும். சாமியறையில் இருக்கும் ரவிவர்மா வேறு, சட்டகத்துக்குள் இருக்கும் ரவிவர்மா வேறு; இரண்டாமவரே உயர்ந்தவர் என்று கட்டடம் வாய் திறக்காமல் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. அத்தீர்ப்பை அப்படியே ஏற்பதற்கில்லை.

எதிர்க்கருத்துக்கும் தனிக்கூடத்தில் இடம் குறைவு. கொழும்பில் 1877இல் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, ரவிவர்மாவின் புராணப் படங்கள் நாடகத்தனமானவை, கற்பனை வறண்டவை என்று கடுமையாக எழுதினார். அக்கருத்தில் மிகையுண்டு, மக்கள் ஏன் அப்படங்களை வீட்டுக்குள் அழைத்தார்கள் என்ற கேள்வியை அது தொடவேயில்லை. இருந்தும், தமயந்தியின் அருகே அந்தக் கண்டனத்தையும் வாசிக்கக் கொடுத்தால் பார்வையாளர் இன்னும் கூர்ந்து பார்ப்பார்.

அதே குமாரசுவாமிதான் 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில், பெயர் அறியப்படாத கைவினைஞரின் மரபைத் தூக்கிப்பிடித்தார். வாவிக்கரையின் காட்சிக்கலைக்கு அந்தப் பார்வை பொருந்துகிறது. கண்ணகி கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது வைக்கப்படும் அம்மன் முகக்களை, வடமோடிக் கூத்தின் கரப்புடுப்பு, அரசர் முடி, கோயிற் சுவர்ச் சித்திரம் ஆகியவற்றைச் செய்தவர் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. கூத்தில் அண்ணாவியார் பெயராவது ஊரில் நிற்கும். முடி செய்தவருக்கு அதுவும் இல்லை. சட்டகமும் கையெழுத்தும் உள்ளவருக்கே தனிக்கூடம் என்றால், இந்த மரபு முழுவதும் வாசலுக்கு வெளியேதான்.

இதற்காக அந்த வழக்கத்தைத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஒரே கையின் ஆழத்தைக் காட்ட அதற்கு நிகரில்லை. கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் ஓவியம் படிக்கும் மாணவருக்குத் திருவனந்தபுரப் பயணம் வீண்போகாது. ஆனால் ஊரில் கூடம் அமைப்பவர்கள் அதன் வடிவத்தை அப்படியே கொண்டுவரக் கூடாது. 1978 சூறாவளிக்கும் 2004 கடற்கோளுக்கும் அவற்றுக்கு இடையே நிகழ்ந்த இடப்பெயர்வுகளுக்கும் தப்பிய பழைய சாமிப்படங்களை வீடு வீடாகத் தேடி, அச்சகம், காலம், வாங்கிய இடம் என்று வகைப்படுத்தி, அதே கூடத்தில் முகக்களையையும் கூத்து முடியையும் அவற்றைச் செய்யும் குடும்பங்களின் விவரத்தோடு வைப்பது இங்கே பொருந்தும். அப்படிப்பட்ட கூடத்துக்கு ஓவியர் ஒருவரின் பெயர் தேவைப்படாது. வாவியின் பெயரே போதும்.