வளைந்து வளர்ந்த சிவப்பு

கனிமம் சேகரிப்பவர்கள் பெரும்பாலும் படிகத்தில் தேடுவது நேர்த்தியைத்தான். மழுங்காத முனை, நேரான பக்கம், சிதையாத விளிம்பு. மான்ட்ராய்டைட் என்ற பாதரசக் கனிமம் இந்த எதிர்பார்ப்புக்கு அடங்குவதில்லை. அதன் நீண்ட படிகங்கள் பலவும் வளைந்திருக்கும், முறுக்கிக்கொண்டிருக்கும். சில இடங்களில் புழுக்களைப் போலச் சுருண்டு பந்தாகத் திரண்டிருக்கும். ஆனாலும் பாதரசக் கனிமங்களில் பார்க்கப் பார்க்கச் சலிக்காதது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

டெக்சாஸ் மாநிலத்தின் தென்மேற்கில், ரியோ கிராண்டே ஆற்றுக்கு வடக்கே, டெர்லிங்குவா என்ற வறண்ட ஊர் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அங்கே பாதரசச் சுரங்கங்கள் இயங்கின. வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் மெக்சிகர்கள். அவர்கள் வெட்டியெடுத்தது சின்னபார். நம் சித்த மருந்துக் கடைகளில் சாதிலிங்கம் என்றால் தெரியும். அதை உலையில் சுட்டால் பாதரசம் ஆவியாகப் பிரியும். அந்த சின்னபாரோடு சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் வேறு சில விநோதங்களும் ஒட்டிக்கொண்டிருந்தன. நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆல்ஃப்ரெட் மோசஸ் 1903இல் அவற்றிலிருந்து மூன்று புதிய கனிமங்களை விவரித்தார்: எக்லெஸ்டோனைட், டெர்லிங்குவைட், மான்ட்ராய்டைட். முதலாவது கொலம்பியாவின் சுரங்கக் கல்லூரியை நிறுவிய தாமஸ் எக்லெஸ்டன் பெயரிலும், மூன்றாவது சுரங்க உரிமையாளர்களில் ஒருவரான மான்ட்ராய்ட் ஷார்ப் பெயரிலும் அமைந்தவை.

மான்ட்ராய்டைட்டின் வேதியியல் மிக எளிது. ஒரு பாதரச அணுவுக்கு ஓர் ஆக்சிஜன் அணு, அவ்வளவுதான். செயற்கையாகச் செய்த இதே பொருளை 1774 ஆகஸ்ட் 1 அன்று இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி, பெரிய கண்ணாடி வில்லையால் வெயிலைக் குவித்துச் சூடாக்கினார். கிளம்பிய காற்றில் மெழுகுவர்த்தி மும்முரமாக எரிந்தது, அதுதான் ஆக்சிஜன். மான்ட்ராய்டைட்டையும் அப்படிச் சுட்டால் காற்றும் பாதரசமுமாகப் பிரிந்து போய்விடும். வேதியியலின் போக்கையே மாற்றிய ஒரு பொருளை, யாரும் செய்யாமல் பாறை தானே செய்து வைத்திருக்கிறது என்பதில் எனக்குத் தீராத வியப்பு.

நுண்ணோக்கியில் பார்க்கும்போது விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்து வைக்க வேண்டும். வெள்ளைக் கால்சைட்டின் மேல் ஆழ்ந்த சிவப்பில் ஒரு படிகம் எழும்பி நிற்கும். மெல்லிய இடத்தில் ஒளி ஊடுருவி அது ஆரஞ்சாகத் தெரியும், தடித்த இடத்தில் இருண்டுவிடும். வளைவு இருக்கும் இடத்தை நன்றாகக் கவனியுங்கள். உடைந்து ஒட்டிய தழும்பு தென்படாது. இந்தக் கனிமம் இயல்பிலேயே வளையக்கூடியது, கத்தியால் சீவக்கூட முடியும். உள்ளே பாதரசமும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த நெளிவான சங்கிலிகள் ஓடுகின்றன. சங்கிலிக்குள் பிணைப்பு வலுவானது, சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இடையில் தளர்வானது. பக்கத்திலேயே பாதரசத் துளி ஒன்று உருண்டு நின்றால் அந்தத் துண்டு இன்னும் மேல். எடையோ அளவுக்குப் பொருந்தாதது: ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 11.2 கிராம், கிட்டத்தட்ட ஈயத்தின் கனம்.

எக்லெஸ்டோனைட்டின் அழகு வேறு மாதிரி. சுரங்க இருட்டிலிருந்து புதிதாக வந்தபோது மஞ்சள். வெளிச்சம் படப்படப் பழுப்பாகி, கடைசியில் கறுத்துவிடும். கறுத்ததைக் கெட்டுப்போனது என்று ஒதுக்குபவர்கள் உண்டு, எனக்கு உடன்பாடில்லை. நிறம் போனாலும் அந்தப் பொடிப் படிகத்தின் பன்னிரண்டு முகங்களும் எங்கே போய்விட்டன? டெர்லிங்குவைட்டும் மஞ்சளிலிருந்து ஆலிவ் பச்சைக்கு மாறும். அதே ஊரில் கிடைக்கும் க்ளைனைட் மட்டும் ஒளியில் நிறம் ஏறி, இருட்டில் வைத்தால் பழைய மஞ்சளுக்குத் திரும்பிவிடும். 1909இல் ஹில்லெபிராண்ட், ஷாலர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இவற்றையெல்லாம் விரிவாகப் பகுத்தாய்ந்து எழுதினார்கள்.

கலிபோர்னியா, நெவாடா பாதரச வயல்களிலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை கிடைத்திருக்கின்றன. ஆனால் டெர்லிங்குவா துண்டுகளுக்கு இருக்கும் மதிப்பு தனி. அங்கே முன்னணியில் இருந்த சிசோஸ் சுரங்க நிறுவனம் 1942இல் நொடித்துப் போனது. இன்று கைமாறுபவை பெரும்பாலும் பழைய சேகரிப்புகளிலிருந்து வருபவை. வாங்குபவர்கள் மூடிய பெட்டியில், வெயிலும் சூடும் படாத இழுப்பறையில் வைக்க வேண்டும். தொட்டால் கையைக் கழுவ வேண்டும். கண்காட்சியில் பளிச்சென்ற விளக்கின் கீழ் மாதக்கணக்கில் எக்லெஸ்டோனைட்டை வைப்பது பெரும் தவறு. பார்க்கும் நேரத்துக்கு மட்டும் விளக்கைப் போட்டு, பார்த்து முடித்ததும் அணைத்துவிடலாம்.