நடிக்காமல் விடுகிறவர்களின் ஆட்டம்

டிசம்பரில் சென்னை சர்வதேசத் திரைப்பட விழா நடக்கும் எட்டு நாளும் தியேட்டர் வாசலில் ஒரு தீர்ப்பு தவறாமல் காதில் விழும். "படம் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அந்தப் பையன் நடிக்கவே இல்லையே." பையனுக்குப் பதில் அம்மா வரலாம், கிழவர் வரலாம், கடைச் சிப்பந்தி வரலாம். தீர்ப்பு மட்டும் மாறாது.

இண்டோ சினி அப்ரிசியேஷன் ஃபவுண்டேஷன் 2003 முதல் நடத்திவரும் இந்த விழாவில் இப்போதெல்லாம் 50-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து 100-க்கும் மேற்பட்ட படங்கள் வருகின்றன. ஒரே நாளில் ஈரானின் மலைக்கிராமம், ஃபின்லாந்தின் மதுக்கடை, மதுரைப் பக்கத்துப் பொட்டல்காடு என்று பார்த்துவிட்டு வீடு திரும்ப முடிகிறது. இந்த விதவிதமான கதைகளை விழா ரசிகர்கள் மனதாரக் கொண்டாடுகிறார்கள். நடிப்பு என்று வந்ததும் அத்தனை நாட்டு முகங்களும் அவர்களுக்கு ஒன்றாகிவிடுகின்றன. அசையாத முகம் என்றால் அது தெரியாத முகம், பயிற்சி இல்லாத முகம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். விழாவில் நடக்கும் மிகப் பெரிய தவறு இதுதான்.

டெஸ்ட் கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இது எளிதில் புரிய வேண்டும். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தை மட்டையை உயர்த்தி விட்டுவிடும் தொடக்க ஆட்டக்காரரை யாரும் ஆடத் தெரியாதவர் என்று சொல்வதில்லை. எந்தப் பந்து உள்ளே வரும், எது வெளியே போகும் என்று கணித்து, துடிக்கிற கையை அடக்கி எடுத்த முடிவு அது. ஒரு காட்சியில் கண்ணீர் விட எல்லா வாய்ப்பும் இருந்தும் விடாமல் இருப்பதும் அதே வகை முடிவுதான்.

பி.எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' படத்துச் சிறுவனை எடுத்துக்கொள்ளலாம். 2021-இல் ரோட்டர்டாமில் டைகர் விருது வாங்கிய படம். பார்க்க வேண்டியது அந்தப் பையனின் கால்களை.

குடிகாரத் தகப்பன் வகுப்பிலிருந்து அவனை வெளியே அழைத்துப் போகிறான். தாய்வீட்டுக்குப் போய்விட்ட அம்மாவைத் தேடித்தான் பயணம். திரும்பும்போது பையன் பஸ்ஸுக்கான பணத்தைக் கிழித்துப் போட, கொதிக்கும் வெயிலில் இருவரும் நடக்கிறார்கள். வணிகப் படத்தில் இந்த இடத்தில் ஒரு குளோசப் இருக்கும், அதில் வீம்போ பயமோ தெரியும். இவன் இரண்டையும் காட்டவில்லை. அதற்குப் பிறகு அவன் செய்வதெல்லாம் தகப்பனுக்கும் தனக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கையாள்வதுதான். பெரும்பாலும் பின்னால் வருகிறான். எட்டிப் பிடித்து அடிக்க முடியாத அளவுக்குத் தள்ளி, கண்ணில் படாமல் போகாத அளவுக்குக் கிட்டே. அந்தத் தூரம் கூடும்போதும் குறையும்போதும் அவன் மனதில் என்ன ஓடுகிறது என்று தெரிந்துவிடுகிறது. முகம் சொல்ல வேண்டியதை நடை சொல்லிக்கொண்டிருக்கிறது. உடைந்த கண்ணாடித் துண்டில் வெயிலை வாங்கித் தகப்பன் முதுகில் அடிக்கிறானே, அங்கேகூட முகத்தில் பழிவாங்கிய திருப்தி இல்லை. அதைச் சேர்த்திருந்தால் அந்தக் காட்சி வெறும் குறும்பாக முடிந்திருக்கும். 75 நிமிடப் படத்தை ஒரு சிறுவன் இப்படித் தாங்கி நிற்பதைத் தமிழ் சினிமாவின் ஆகச் சிறந்த நடிப்புகளில் ஒன்றாக இந்தப் பத்தி வைக்கிறது. குழந்தை நட்சத்திரங்களின் மூச்சு விடாத வசனங்களுக்குப் பழகிய காதுகள் இதை ஏற்கத் தயங்கலாம். ஆனாலும் உண்மை அதுதான்.

இயக்குநர் சொன்னதைக் கேட்டு நடந்தான், இதில் அவன் முடிவு எங்கே வந்தது என்று ஒரு கேள்வி எழும். நூறு ஆண்டுகளுக்கு முன்பே ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் ஒரே முகத்தைச் சூப்புக் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் சேர்த்து வெட்டி ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசியையும் துக்கத்தையும் மாறி மாறிக் கண்டார்கள் என்பது சினிமா மாணவர்கள் எல்லோரும் படிக்கும் பாடம். பிரான்சின் ராபர்ட் ப்ரெஸ்ஸான் தன் படத்தில் வருகிறவர்களை நடிகர்கள் என்றுகூட அழைக்க மாட்டார். ஒரே ஷாட்டைத் திரும்பத் திரும்ப எடுத்து, முகத்தில் மிச்சமிருக்கும் பாவனையெல்லாம் கரைந்த பிறகே ஒப்புக்கொள்வார். இதையெல்லாம் வைத்து, முகம் வெறும் பலகை, எழுதுகிறவர் இயக்குநரும் எடிட்டரும்தான் என்று வாதிடுகிறார்கள். எடிட்டிங்கால் ஒரு நிமிடத்தைச் சமாளிக்கலாம். வெட்டே விழாத நீண்ட ஷாட்டில் யார் காப்பாற்றுவது?

'ழான் தீல்மன்' அந்தக் கேள்விக்குப் பதில். ஷாந்தால் ஆகர்மான் 1975-இல் எடுத்தது, 201 நிமிடம் ஓடுவது. 2022-இல் ஒரு பிரிட்டிஷ் சினிமாப் பத்திரிகை விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் உலகின் முதல் இடத்தைப் பிடித்தது. ஒரு இல்லத்தரசி உருளைக்கிழங்கு உரிக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், விளக்கை அணைக்கிறாள். அந்த வேடத்தில் வந்தவர் அதற்கு முன்பே ஐரோப்பாவில் பெயர் பெற்ற நட்சத்திரம். எதை வேண்டுமானாலும் செய்து காட்டக்கூடியவர், மூன்று மணி நேரத்துக்கு மேல் அத்தனையையும் விட்டுவிட்டார். அதனால்தான் இரண்டாம் நாள் கிழங்கு குழைந்துபோகும்போது பார்க்கிறவருக்கு அடிவயிறு கலங்குகிறது.

விடுவதிலும் ஊருக்கு ஊர் காரணம் வேறு. அப்பாஸ் கியாரோஸ்தமியின் 1987 படத்தில் நண்பனின் வீட்டைத் தேடி ஓடும் சிறுவன் பெரியவர்கள் முன் முகத்தை மூடிக்கொள்வது மரியாதையும் பயமும் கலந்தது. அகி கௌரிஸ்மாகியின் தொழிலாளிகள் காதலைச் சொல்லும்போதும் முகம் மாறாமல் நிற்பது கூச்சத்தால், கொஞ்சம் கௌரவத்தால். அருண் கார்த்திக்கின் 'நசீர்' படத்தில் கோயம்புத்தூர் ஜவுளிக்கடைச் சிப்பந்தி நாள் முழுக்க அதே அளவான சிரிப்போடு இருப்பது பிழைப்புக்காக. 'கொட்டுக்காளி'யின் நாயகி கிட்டத்தட்ட முழுப் படமும் வாய் திறக்காமல் இருப்பது அவளுக்கு மிச்சமிருக்கும் ஒரே எதிர்ப்பு. நான்கையும் ஒரே மௌனம் என்று கணக்கில் எழுதினால், விழாவுக்கு வந்த பலனில் பாதி போய்விடும்.

உண்மையிலேயே நடிக்கத் தெரியாமல் நிற்கிறவர்களும் விழாப் படங்களில் உண்டு. கண்டுபிடிப்பது சிரமமில்லை. தெரியாதவர் தன் முறைக்காகக் காத்திருப்பார், எதிராளி பேசி முடிக்கும்வரை கைகள் செத்துக் கிடக்கும். விட்டுவிடுகிறவரின் கைகளுக்கு எப்போதும் ஏதாவது வேலை இருக்கும்.

இந்த வகை நடிப்பு சினிமாவோடு சேர்ந்தே பிறந்தது. 1895-இல் லூமியேர் சகோதரர்கள் படம் பிடித்தது லியோன் நகரத்தில் தங்கள் ஆலை வாசலிலிருந்து வெளியே வரும் தொழிலாளர்களை. ஒரு நிமிடம்கூட ஓடாத துண்டு. யாரும் எதையும் நடித்துக் காட்டுவதாகத் தெரியவில்லை. ஆனால் அதற்கு மூன்று வடிவங்கள் இருக்கின்றன. ஒரே வாசலில் மறுபடி மறுபடி எடுத்தார்கள் என்றால், அந்த இயல்பும் அமைத்த இயல்புதான்.

அடுத்த பெரிய 'விட்டுவிடும்' ஆட்டம் தமிழில் ஒரு ஆலை வாசலிலிருந்துதான் வரும் என்பது இந்தப் பத்தியின் கணிப்பு. இடத்தையும் சொல்லிவிடலாம். வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் படப்பையைத் தாண்டி, ஒரகடத்துக்கு முன்னால் வரும் சேரப்பணஞ்சேரிப் பக்கம். ஷிப்டு மாறும் நேரத்தில் அந்தச் சாலையில் நிற்கும் கம்பெனி பஸ்களின் ஜன்னல்களைப் பார்த்தால் போதும். ஒடிசா, பீகார், அசாம் பையன்களும், தென்மாவட்டங்களிலிருந்து டிப்ளமோ முடித்து வந்த பெண்களும் எட்டு மணி நேரம் லைனில் ஒரே அசைவைச் செய்துவிட்டு வருகிறார்கள். அந்த முகங்களில் எதுவும் எழுதியிருக்காது. ஊருக்கு அனுப்ப வேண்டிய பணமும் ரூம் வாடகையும் அடுத்த வார நைட் ஷிப்டும் உள்ளேயே கிடக்கும்.

முதலில் வரும் ஓரிரண்டு படங்கள் தோற்கும். ஆலை கேட்டுக்கு முன்னால் ஒரு நல்ல நடிகரை நிறுத்தி அழவைப்பார்கள். கைத்தட்டல் கிடைக்கும், ஒரு வருடத்தில் மறந்துபோகும். சரியான படம் உள்ளிருந்தே வரும். வினோத்ராஜ் சிறுவயதில் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவர், சென்னைக்கு வந்து டிவிடி கடையில் நின்றபடி உலக சினிமாவைக் கற்றவர். அதே வழியில், லைனில் நின்ற ஒருவர் இன்னும் ஐந்தாறு ஆண்டுகளில் கேமராவோடு அந்தச் சாலைக்குத் திரும்புவார். நடிக்க வைப்பதும் கூட வேலை பார்த்தவர்களைத்தான்.

நடிப்புப் பரிசு அந்தப் படத்துக்கு இங்கே முதலில் கிடைக்காது. நடுவர்கள் சிறப்புக் குறிப்போடு நிறுத்திக்கொள்வார்கள், வெளிநாட்டு விழா ஒன்று முந்திக்கொள்ளும். பாதி வசனம் இந்தியிலும் ஒடியாவிலும் இருக்கும் என்பதால், அதைத் தமிழ்ப் போட்டிப் பிரிவில் சேர்க்கலாமா என்று ஒரு சண்டையும் வெடிக்கும். சேர்க்க வேண்டும் என்ற கட்சியில் இந்தப் பத்தி இப்போதே தன் பெயரைக் கொடுத்துவைக்கிறது. சண்டை இரண்டு டிசம்பருக்கு ஓடும், மூன்றாவது டிசம்பரில் விதி மாறும்.