சிறை நீங்கியோர் கதை

உயர்தர வகுப்பிலே ஒருநாள் உதயணன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பகைவர் சிறையினின்றும் அவன் தப்பிய பகுதி வந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், இது 'பிறிசன் பிறேக்' போலத்தானே?" என்றான். வகுப்புச் சிரித்தது, யானும் சிரித்தேன். ஆயினும், சுன்னாகம் சந்தையைக் கடந்து வீடு செல்லும்போது அவ்வினா என்னை விட்டகலவில்லை. குமாரசுவாமிப் புலவர் பிறந்த ஊரிலே தமிழ் கற்பிப்போன் அதற்குத் தக்க விடை கூறாதொழிதல் முறையன்று. அவ்விடையைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிறையிலிருந்து தப்பும் கதை எக்காலத்தார்க்கும் இனிப்பதொன்று. பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாரும் கரிகாலன் பகைவர் சிறையை நீங்கி அரசுரிமை எய்திய திறத்தை இரண்டு உவமைகளாலே விளக்குகின்றார். கூட்டினுள் வளர்ந்த புலிக்குருளை ஒன்று. குழியில் வீழ்ந்து, அதன் கரையைக் கோட்டாற் குத்தித் தூர்த்து வெளியேறித் தன் பிடியைச் சேர்ந்த களிறு மற்றொன்று. தப்பிய வழி இன்னதெனப் புலவர் விரித்துரைத்தாரல்லர். அடைபட்டிருந்த காலத்திலேயே உரம் முற்றியதென்பதே அவர் கருத்து. தந்திரத்தினும் தப்பியவனின் தன்மையே பெரிதென்னும் இக்கொள்கையை உரைகல்லாகக் கொண்டு பிற கதைகளை நோக்குவோம்.

மாணவன் குறித்த தொலைக்காட்சித் தொடர் 2005ஆம் ஆண்டு அமெரிக்காவிலே தொடங்கியது. செய்யாத கொலைக்காக மரணதண்டனை பெற்ற தமையனை மீட்கும்பொருட்டுத் தம்பி தானும் குற்றம் புரிந்து சிறை புகுகின்றான். சிறையின் அமைப்புப் படத்தை அவன் தன் மேனியிலே பச்சை குத்தி வைத்திருக்கின்றான். கற்பனை வியக்கத்தக்கது, உடன்பிறந்தான்மேல் வைத்த அன்பு அதற்கு வேராக இருப்பதும் உண்மை. முதற்பகுதி சுவைப்பது அதனாலேயே. ஆனால், கதையை நீட்டவேண்டிப் பின்னர் வேறு சிறைகளும் வேறு சூழ்ச்சிகளும் புகுத்தப்படுகின்றன. சூழ்ச்சி பெருகப் பெருக அன்பு பின்னிடுகின்றது. பார்ப்போன் "அடுத்தது என்ன?" என்று வினவுகின்றானேயன்றி, "இவர்கட்கு என்ன நேரும்?" என்று வருந்துகின்றானல்லன்.

1994இல் வெளிவந்த 'ஷோஷாங் றிடெம்ப்ஷன்' இதனினும் உயர்ந்தது. குற்றமற்ற ஒருவன் பத்தொன்பது ஆண்டுகளாகச் சிறு கற்சுத்தியலாற் சுவரைக் குடைந்து தப்புகின்றான். அவ்வுழைப்பை இயக்குநர் நம் கண்ணுக்கு மறைத்து, அவன் போனபின்பே வெளிப்படுத்துகின்றார். அதே படத்தில், ஏறக்குறைய ஐம்பதாண்டு சிறையிலிருந்து முறைப்படி விடுவிக்கப்பெற்ற முதியவர் வெளியுலகிலே வாழமாட்டாது தம் உயிரை மாய்த்துக்கொள்கின்றார். கதவு திறந்தும் அவர் சிறை நீங்கிற்றில்லை. நாயகன் தப்பியதிலும் முதியவர் தோற்றதே என் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

பிரெஞ்சு இயக்குநர் றொபேட் பிறெசன் 1956இல் ஆக்கிய படமோ இதற்கு நேர்மாறானது. நாற்சிகளின் காவலிலிருந்த லியோன் நகரத்து மொன்லுக் சிறையிலிருந்து 1943இல் தப்பிய அந்திரே தெவினியின் வரலாறு அது. ஒருவன் தப்பிவிட்டான் என்று தலைப்பே முடிவைக் கூறிவிடுகின்றது. எஞ்சியிருப்பது வேலை ஒன்றே. கரண்டியைத் தீட்டிக் கதவுப் பலகையைப் பெயர்ப்பதும், துணியையும் கம்பியையும் முறுக்கிக் கயிறாக்குவதும் பொறுமையாகக் காட்டப்படுகின்றன. தப்புதற்குச் சில நாள் முன்னதாக அவ்வறையிலே இளைஞன் ஒருவன் கொணர்ந்து அடைக்கப்படுகின்றான். அவன் ஒற்றனோ, உற்றவனோ? கொன்றுவிடுவதா, உடன்கொண்டு செல்வதா? கதைத்தலைவன் நம்பி உடன்கொண்டு செல்கின்றான்; அவனின்றி மதிலைத் தனியே கடந்திருத்தல் அரிது என்பதையும் உணர்கின்றான். சுவரைப் பெயர்ப்பதினும் பிறனொருவனை நம்புவது கடினமென்பதை இப்படம் போல உணர்த்திய பிறிதொன்றை யான் கண்டிலேன்.

இனி நம் காவியத்துக்கு வருவோம். குணாட்டியரின் கதைவழி வந்த கொங்குவேளிரின் பெருங்கதையை 1924இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்தார். முதலும் முடிவும் கிடைத்தில. பொறியானையாற் பிடிபட்ட உதயணனைப் பிரச்சோதனன் உஞ்சை நகரிலே சிறையிடுகின்றான். அமைச்சன் யூகி மாறுவேடத்தில் நகர் புகுந்து நளகிரி என்னும் களிற்றை வெறிகொள்ளச் செய்கின்றான். அதனை அடக்கவல்லார் உதயணனையன்றிப் பிறரிலராதலின் அவன் விடுவிக்கப்படுகின்றான். பின்னர் வாசவதத்தைக்கு யாழாசிரியனுமாகின்றான். நீர்விழாக் காலத்திலே நகர் எரியூட்டப்பட, அவளைப் பத்திராபதி என்னும் பிடியின்மேல் ஏற்றிக்கொண்டு செல்கின்றான். இதுவரை இது தொலைக்காட்சித் தொடர்க்கும் ஒப்பதே. ஆயின் புலவர் அங்கே நின்றாரல்லர். ஓடிக் களைத்த பிடி வழியிலே வீழ்ந்து இறக்கின்றது. அவ்வீழ்ச்சிக்குத் தனியே ஒரு பகுதியை அவர் ஒதுக்குகின்றார். ஒருவன் பெற்ற விடுதலைக்கு விலை கொடுத்தது யார் என்பதைப் பெருங்கதை மறைத்திலது.

தப்பாமையாலே சிறையை வென்றாரும் உளர். வான்வழிச் செல்லவும் வேற்றுருக் கொள்ளவும் மந்திரம் அறிந்த மணிமேகலை, கோப்பெருந்தேவியின் கொடுமைக்கு அஞ்சிப் பறந்துபோயினாளல்லள். கொடுமை செய்தவளே மனம் மாறி வணங்கும்வரை இருந்தாள். முன்னரே அரசனிடம் இரந்து சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கியவளும் அவளே. அண்மைக்காலத்து 'விருமாண்டி'யிலும் (2004), கலகத்திலே சிறை நிலைகுலைந்தபோது நாயகன் செய்வது தன்னைப் பேட்டிகாண வந்த பெண்ணைக் காப்பதேயாகும்.

இவற்றையெல்லாம் வெறும் பொழுதுபோக்காகக் காண்டல் நம்மவர்க்கு எளிதன்று. 1983 யூலை 25ஆம், 27ஆம் நாள்களில் வெலிக்கடைச் சிறையிலே 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். எஞ்சியோர் மட்டக்களப்புச் சிறைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவ்வாண்டு செத்தெம்பர் 23இல் அச்சிறை உடைக்கப்பட்டுப் பலர் தப்பினர். பின்னதை வீரக்கதையாகப் பெரியோர் சொல்லக் கேட்டு வளர்ந்த தலைமுறை எம்முடையது. முன்னதைச் சொல்லும்போது அவர்கள் குரல் தாழ்ந்துவிடும். தப்பியோர் கதையைக் கேட்குந்தோறும், தப்ப வழியின்றி அழிந்தோரையும் உடன் நினைக்க நாம் கடமைப்பட்டவர்கள். தப்பாதாரை மறக்கச் செய்யும் படம் எத்துணை விறுவிறுப்புடையதாயினும் குறையுடையதே.

மறுநாள் அம்மாணவனுக்குப் பிடி வீழ்ந்த பகுதியை வாசித்துக் காட்டினேன். அன்று வகுப்புச் சிரிக்கவில்லை. அவன் சிறிதுநேரம் வாளாவிருந்து, "அந்த யானையை அவர்கள் கொஞ்சம் ஆறவிட்டிருக்கலாமே, சேர்" என்றான். முதல்நாள் அவன் கேட்ட வினாவுக்கு அதனினும் நல்ல விடையை யான் கூறியிருக்கமாட்டேன்.